காக்கா ஏன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது?

மே மாதம், மதியம் இரண்டு மணி, திருச்சி வெயில். கொல்லைச் சுவர்மேல் முருங்கை மர நிழலில் ஒரு காக்கா உட்கார்ந்திருக்கிறது. அலகு பாதி திறந்திருக்கிறது, இறக்கை இரண்டையும் உடம்பில் ஒட்டாமல் லேசாகத் தூக்கி வைத்திருக்கிறது, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் காற்று வாங்கும் பெரியப்பா மாதிரி. "பசிக்குது போல, பாவம்" என்று அம்மா ஒரு கைப்பிடி சோறு வைத்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பசியில்லை. அந்த நேரத்தில் அது வியர்த்துக்கொண்டிருந்தது, வாய் வழியாக.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. நமக்கு வெயிலில் வியர்க்கிறது, வியர்வை ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. இறகுப் போர்வைக்குள் இருக்கிற காக்காவுக்கு அந்த வழி இல்லை. அதனால் அலகைத் திறந்து வேகமாக மூச்சு விடுகிறது; வாய், தொண்டை, மூச்சுக்குழாயின் ஈரமான உட்பக்கத்தை உரசிக்கொண்டு காற்று போய் வரும்போது அங்கிருக்கும் நீர் ஆவியாகிறது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறதே, கிட்டத்தட்ட அதேதான். இறக்கையைத் தூக்கி வைப்பதற்கும் காரணம் உண்டு: இறக்கைக்கு அடியில் இறகு குறைவு, அங்கே காற்று பட்டால் சூடு சீக்கிரம் வெளியேறும். இறகில்லாத காலும் அலகும்கூட இந்த வேலைக்கு உதவுகின்றன.

பறவைகளுக்கு ஒரு சின்ன சலுகை இருக்கிறது. நம் உடம்பு 37 டிகிரி என்றால் பெரும்பாலான பறவைகளுக்கு 40 முதல் 42 வரை. வெளியே 38 டிகிரி இருக்கும்போது காற்று நம்மைவிடச் சூடு, ஆனால் காக்காவைவிடக் குளிர்ச்சி. அதனால் கொஞ்சம் சூட்டை அது செலவில்லாமல் காற்றிலேயே விட்டுவிடலாம். கத்திரி வெயிலில் 41, 42 என்று ஏறும்போது அந்தச் சலுகையும் போய்விடுகிறது, அப்புறம் நீரை ஆவியாக்குவது ஒன்றுதான் வழி. சென்னை மாதிரி கடலோர ஊரில் வெப்பம் குறைவாக இருந்தாலும் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் ஆவியாவது மந்தமாகிவிடும். கொடியில் போட்ட துணி காயாத நாளில் காக்காவுக்கும் கஷ்டம்தான்.

அதே சுவரில் கொஞ்சம் தள்ளி ஒரு மணிப்புறா உட்கார்ந்திருந்தது. அதன் தொண்டையைக் கவனித்தேன். உடம்பு ஆடவில்லை, தொண்டைத் தோல் மட்டும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. நாக்குக்கு அடியில் இருக்கும் மெல்லிய எலும்பை வேகமாக ஆட்டி, தொண்டையின் ஈரச் சுவரை நிமிடத்துக்குப் பல நூறு முறை அதிர வைக்கிறது. புறா, ஆந்தை, கொக்கு, நீர்க்காகம், கோழி எல்லாம் இதைச் செய்யும், காக்காவும் மைனாவும் செய்வதில்லை. இதில் உழைப்பு குறைவு. இரைப்பதற்கு நெஞ்சுத் தசை முழுவதும் வேலை செய்ய வேண்டும், அந்த வேலையே கொஞ்சம் சூட்டைக் கிளப்பும். போதாததற்குப் புறாவின் தோல் வழியாகவும் நீராவி நிறையவே கசிகிறது.

இரைப்பதில் இன்னொரு வம்பும் உண்டு. மூச்சு அளவுக்கு மேல் போய் வந்தால் ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், அந்தக் கார்பனேட் இதிலிருந்துதான் வரவேண்டும். நாமக்கல் பக்கம் கோழி வளர்ப்பவர்களைக் கேட்டால் கோடையில் ஓடு மெலிந்துபோகிற கதையைச் சொல்வார்கள். வெயிலில் தீவனம் குறைவாகத் தின்பதும் ஒரு காரணம், இரைப்பதும் ஒரு காரணம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறோம், நல்லதுதான். தெரிந்த ஒருவர் அதில் ஐஸ் கட்டி போடுகிறார், நெகிழ்ச்சியாக இருந்தாலும் பெரிய பிரயோசனம் இல்லை. கணக்குப் பாருங்கள்: ஒரு கிராம் தண்ணீரை 10 டிகிரி சூடேற்ற வெறும் 42 ஜூல் போதும், அதே ஒரு கிராம் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 2,400 ஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பறவைக்குத் தேவை ஆவியாக்குவதற்கான தண்ணீர், அது சில்லென்று இருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம். சட்டியை எங்கே வைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். மொட்டைமாடியில் கொளுத்தும் வெயிலில் வைத்தால், குடிக்க வருகிற பறவை தண்ணீரோடு கூடுதல் சூட்டையும் வாங்கிக்கொண்டு போகும். நிழலில், பூனை பதுங்க முடியாத இடத்தில், இரண்டு விரல் ஆழத்துக்கு இருந்தால் போதும். தினமும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொசுப் பண்ணைதான்.

சின்னப் பறவைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். டம்ளர் காபி ஆறிவிடும், அண்டா சாம்பார் ஆறாது, ஏனென்றால் சின்னப் பாத்திரத்துக்கு அதன் அளவோடு பார்த்தால் மேற்பரப்பு அதிகம். வெயிலில் இது அப்படியே திருப்பி அடிக்கும். எட்டு கிராம் எடையுள்ள ஒரு தேன்சிட்டு ஒரு கிராம் நீரை இழந்தால் எடையில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. செம்பருத்திப் பூவில் அது குடிப்பதில் சர்க்கரையோடு தண்ணீரும் இருப்பதால் பிழைக்கிறது. எங்கள் சட்டிப் பக்கம் அது வந்து நான் பார்த்ததே இல்லை.

அம்மா வைத்த சோறு ஏன் அப்படியே கிடந்தது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. இரை தேட நடந்தால், கிளறினால், தசை சூடாகும். அலகைத் திறந்து இரைத்துக்கொண்டே கொத்தவும் முடியாது. நம் தவிட்டுக்குருவிக்கு ஆப்பிரிக்காவின் கலஹாரியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சொந்தக்காரப் பறவை உண்டு. அவற்றைத் தராசில் ஏறப் பழக்கி, காலையிலும் மாலையிலும் எடை பார்த்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், பகல் வெப்பம் சுமார் 35.5 டிகிரியைத் தாண்டிய நாட்களில், இரவில் இழக்கப்போகும் எடையை ஈடுகட்டும் அளவுக்குக்கூட அவை தேறவில்லை. நம் ஊரில் மார்ச்சிலேயே அந்த அளவைத் தாண்டிவிடுகிறோம்.

இதே மாதங்களில்தான் காக்கா கூடும் கட்டுகிறது. அடைகாப்பது என்றால் சூடேற்றுவது என்றுதான் நினைப்போம். மே மாத மதியத்தில் வேலை தலைகீழ்: தாய் முட்டைக்கு மேல் நின்று நிழல் கொடுக்கிறது, அப்போதும் வாயைப் பிளந்தபடி. அதில் ஒரு முட்டை குயிலுடையதாக இருக்கலாம், அது தனிக் கதை.

இறக்கை இல்லாதவர்களும் அவரவர் வழி வைத்திருக்கிறார்கள். அணில் துணி துவைக்கிற கல்லின் நிழலில் நாலு காலையும் பரப்பி வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிடும், முடி குறைந்த வயிற்றுப் பக்கம் வழியாகச் சூடு கல்லுக்குப் போகிறது. ஓணான் காலை எட்டு மணிக்கு வேலிமேல் வெயில் காய்ந்துவிட்டு, பதினொரு மணிக்கெல்லாம் கறிவேப்பிலைச் செடிக்குள் போய்விட்டது.

நாலரை மணிக்குத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. ஏழெட்டு இருக்கும், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, கத்திக்கொண்டு, சட்டிக்குள் இறங்கிக் குளித்ததில் பாதித் தண்ணீர் வெளியே. மணிப்புறா அதெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து, அலகை முக்கி, தலையைத் தூக்காமலே மாடு மாதிரி உறிஞ்சிக் குடித்தது. கடைசியாகக் காக்கா வந்தது. ஒரு வாய் அள்ளும், அண்ணாந்து விழுங்கும், மறுபடி அள்ளும். நாலைந்து முறை அப்படிக் குடித்துவிட்டு, அலகை மூடிக்கொண்டு, காய்ந்துபோன சோற்றைப் போய்க் கொத்த ஆரம்பித்தது.