ஊர் வீட்டுக் கூரையில் சோலார்: யூனிட் விலையை மட்டும் பார்த்துப் போடாதீர்கள்

வளசரவாக்கம், ஆழ்வார்திருநகர், போரூர் பக்கம் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. கூரைச் சோலார் வடிவமைப்பது என் தொழில். இங்கே இருக்கும் வீட்டுக்குப் பேனல் போட்டு முடித்ததும், பலர் அடுத்ததாக யாழ்ப்பாணத்து வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது வயதான அம்மா மட்டும் இருக்கிறார், கூரை சும்மா வெயிலில் காய்கிறது, பேனல் போட்டால் மின்சார சபை மாதாமாதம் காசு தருமாமே என்பார்கள்.

தரும். எவ்வளவு தரும், எத்தனை வருஷம் தரும் என்பதில்தான் இருக்கிறது சங்கதி. பேனல் விற்க வருகிறவர் காட்டும் தாளில் யூனிட் விலை என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் "அஞ்சு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்" என்ற கணக்கே நிற்கிறது. ஆனால் அதைத் தீர்மானிப்பது கொழும்பு. அங்கே கடந்த பத்து வருஷத்தில் அது எப்படியெல்லாம் ஏறி இறங்கியது என்று தெரிந்துகொண்டு பிறகு கையெழுத்துப் போடுவது நல்லது.

2016-இல் இலங்கை அரசு 'சூரிய பல சங்கிராமய' என்ற பெயரில் கூரைச் சோலார் திட்டத்தைப் பெரிதாகத் தொடங்கியது. உபரி மின்சாரத்துக்குப் பணம் தரும் நெட் அக்கவுண்டிங் முறையில் ஒப்பந்தம் 20 வருஷம். முதல் 7 வருஷம் யூனிட்டுக்கு 22 ரூபாய், எட்டாம் வருஷத்திலிருந்து 15 ரூபாய் 50 சதம். (இந்தக் கட்டுரையில் ரூபாய் என்றால் இலங்கை ரூபாய்.) 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 37 ரூபாய் என்றார்கள். 2024-இல் அது 27 ஆனது. 2025-இல் இன்னும் இறங்கி, சிறிய வீட்டு அமைப்புகளுக்கே 20 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது.

5 கிலோவாட் பேனல் யாழ்ப்பாண வெயிலில் நாளுக்குச் சராசரியாக 20 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 600 யூனிட். அத்தனையும் விற்றால் 37 ரூபாய்க்கு 22,200 ரூபாய், 20 ரூபாய்க்கு 12,000 ரூபாய், 15.50-க்கு 9,300 ரூபாய். கூரையும் வெயிலும் பேனலும் அதேதான்.

என்னிடம் வந்த ஓர் அக்கா, ஊரில் உள்ள தம்பி வீட்டு ஒப்பந்தத்தின் நகலைக் கொண்டுவந்திருந்தார். 2017-இல் போட்டது. "தம்பி, பக்கத்து வீட்டுக்காரருக்கு யூனிட்டுக்கு முப்பத்தேழு ரூபா குடுக்கினமாம். நாங்கள் முதலே போட்டனாங்கள், எங்களுக்குப் பதினைஞ்சரை ரூபா. இது என்ன நியாயம்?" என்று கேட்டார். நியாயம் கிடையாதுதான். ஆனால் அவர் கையில் வைத்திருந்த தாளில் அதுதான் எழுதியிருந்தது, எட்டாம் வருஷம் முதல் என்று. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பேனல் 25 வருஷம் தாங்கும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான். அதை மாற்றும்போது விலை டாலரில் வரும். அவர்கள் பேனல் போட்ட காலத்தில் ஒரு டாலர் 150 ரூபாய் சுமார். 2022-இல் 360-ஐத் தொட்டு, பிறகு 300 அளவில் நின்றது. வரவு ரூபாயில் கட்டிப்போடப்பட்டிருக்கிறது, அதுவும் எட்டாம் வருஷம் இறங்குகிறது. செலவு டாலரோடு ஏறுகிறது. விற்பனைத் தாளில் இன்வெர்ட்டர் மாற்றும் செலவுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. இது நான் அனேகமாக எல்லாத் தாளிலும் பார்க்கிற குறை, சென்னைத் தாள்கள் உட்பட.

சரி, விலை ஏன் இப்படி ஆடுகிறது? இரண்டு கதைகள் இருக்கின்றன.

முதலாவது, மின்கட்டணத்தின் கதை. 2013-க்குப் பிறகு ஒன்பது வருஷம் இலங்கையில் கட்டணத்தை ஏற்றவே இல்லை. மழை நன்றாகப் பெய்தால் மகாவலி, லக்ஸபான நீர்மின் நிலையங்கள் மலிவாகத் தரும். மழை பொய்த்தால் நுரைச்சோலை நிலக்கரியும் டீசலும்தான். இரண்டையும் டாலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். விற்கிற விலை உற்பத்திச் செலவுக்குக் கீழே இருந்தது, நட்டம் சபையின் கணக்கில் குவிந்தது. 2022 மார்ச் கடைசியில் டாலர் தீர்ந்ததும் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. அப்புறம் வந்தது அடி. 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீத உயர்வு, 2023 பிப்ரவரியில் மறுபடி 66 சதவீதம்.

சராசரியைப் பார்த்தால் அடியின் வலி தெரியாது. மாதம் 30 யூனிட் மட்டும் எரிக்கிற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று விளக்கு, ஒரு ஃபேன், ஒரு டிவி. 2022 ஆகஸ்டுக்கு முன் யூனிட் 2 ரூபாய் 50 சதம், நிலைக்கட்டணம் 30 ரூபாய். பில் 105 ரூபாய். ஆகஸ்டில் யூனிட் 8, நிலைக்கட்டணம் 120, ஆக 360 ரூபாய். பிப்ரவரியில் யூனிட் 30, நிலைக்கட்டணம் 400. அதே வீடு, அதே ஃபேன், பில் 1,300 ரூபாய். சுமார் ஆறே மாதத்தில் பன்னிரண்டு மடங்கு. 2023 ஜூலையில் 450-க்கு இறக்கினார்கள். அதன்பின் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்தன. 2025 ஜனவரியில் சராசரி 20 சதவீதம் குறைப்பு, ஜூனில் 15 சதவீத உயர்வு. இந்தக் கட்டணங்களுக்கு ஒப்புதல் தருவது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையோ செலவுக்கு ஏற்ற கட்டணம் என்பது. வருஷக்கணக்கில் ஏற்றாமல் வைத்து ஒரே மூச்சில் ஏற்றுவது ஏழை வீட்டுக்குச் செய்கிற உபகாரம் என்று நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டிலும் எட்டு வருஷம் ஏற்றாமல் இருந்து 2022 செப்டம்பரில் ஏற்றினார்கள் என்பது நமக்கு நினைவிருக்கும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் இங்கே சின்ன வீடுகளுக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை.

இரண்டாவது கதை பகல் வெயிலைப் பற்றியது. அனேகர் இதைக் கவனிப்பதில்லை.

இலங்கை முழுவதற்குமான உச்ச மின்தேவை 3,000 மெகாவாட்டுக்குள்தான். சென்னை மாநகரின் கோடை உச்சமே 4,000 மெகாவாட்டைத் தாண்டுகிறது. இங்கே ஒரு நிலையம் நின்றாலும் இந்தியா முழுதும் தோள் கொடுக்கும். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மாநில கிரிட்டும் (மின்பாதைகளின் வலை) மற்ற இந்திய கிரிட்டும் ஒன்றாகிவிட்டன. இலங்கைக்கு அந்த வசதி கிடையாது. மதுரையிலிருந்து அனுராதபுரத்துக்கு ஒரு மின்பாதை பற்றிப் பல வருஷமாகப் பேச்சு நடக்கிறது, பாதை வரவில்லை. நுரைச்சோலையில் உள்ள மூன்று இயந்திரங்களும் தலா 300 மெகாவாட். ஒன்று நின்றால் நாட்டின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்றரை மணி அளவில் நாடு முழுக்க கரண்ட் போனது. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. குரங்கு தொடங்கி வைத்திருக்கலாம். நாடே இருண்டதற்குக் காரணம் அந்த நேரம். ஞாயிறு என்பதால் அலுவலகம், ஆலை எல்லாம் மூடல், தேவை குறைவு. வெயிலோ உச்சியில், கூரைப் பேனல்கள் முழு வேகத்தில். அதனால் பெரிய சுழலும் இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. தையல் மெஷினில் காலை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுழலுமே, அந்த மாதிரி இந்தக் கனத்த டர்பைன்களின் சுழற்சிதான் கோளாறு வரும் முதல் சில விநாடிகளில் மின்சாரத்தின் அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸில் தாங்கிப் பிடிக்கிறது. பேனலில் சுழல்வது எதுவும் இல்லை. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் கிரிட் ஆடினால் பாதுகாப்புக்காகத் தானே விலகிவிடும். ஆயிரக்கணக்கானவை ஒன்றாக விலகினால் சரிவு இன்னும் வேகமாகும். நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றன. நிலக்கரி நிலையம் நின்றால் மறுபடி ஓடப் பல நாள் ஆகும் என்பதால் அடுத்தடுத்த நாட்களிலும் சுழற்சி முறையில் கரண்ட் வெட்டு.

இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைப் பேனல் வைத்திருப்பவர்கள் பகல் 3 மணி வரை அணைத்து வைக்கும்படி அரசே கேட்டுக்கொண்டது. 2030-க்குள் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க வழியில் வர வேண்டும் என்று இலக்கு வைத்த அதே நாட்டில்தான். முரண்பாடு போலத் தோன்றும், ஆனால் கேட்டவர்கள் தப்பாகக் கேட்கவில்லை. விடுமுறை மதியத்தில் அந்தத் தீவுக்கு இன்னொரு யூனிட் தேவையில்லை. மாலை 6.30 முதல் 10.30 வரை ஒவ்வொரு யூனிட்டும் தேவை. 2025-இல் பேட்டரியில் சேமித்து அந்த மாலை நேரத்தில் தருகிற யூனிட்டுக்குப் பகல் விலையைப் போல இரு மடங்குக்கு மேல் அறிவித்ததும் இதனால்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கும் மக்களுக்காக 1.1 கோடி டாலர் இந்திய மானியத்தில் எடுத்துக்கொண்ட திட்டத்திலும் பேனல், காற்றாலையோடு பேட்டரி சேர்ந்தே இருக்கிறது.

பெரிய முதலீட்டாளருக்கும் இந்த விலைச் சிக்கல் உண்டு. மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்துக்கு யூனிட் 8.26 அமெரிக்க சென்ட் என்று பேசி முடித்திருந்தது அதானி நிறுவனம். ஆட்சி மாறியது, விலை அதிகம் என்று மறுபேச்சு வந்தது, 2025 பிப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. அவர்களால் விலக முடியும். கூரையில் பேனலை முடுக்கியவர் எங்கே விலகுவார்?

இதெல்லாம் தீவுக் கதை என்று நினைக்க வேண்டாம். மடிப்பாக்கத்தில் ஒரே டிரான்ஸ்பார்மரில் ஏழெட்டு வீடுகள் பேனல் போட்டிருக்கும் ஒரு தெரு உண்டு. கடைசி வீட்டு மாடியில் ஞாயிறு மதியம் இன்வெர்ட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 248, 251, 254 வோல்ட். டக்கென்று இணைப்பைத் துண்டிக்கும் ரிலே விழுந்த சத்தம், 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று சிவப்பு எழுத்து. தெருவில் எடுத்துக்கொள்ள ஆள் இல்லாத மின்சாரம் வோல்டேஜை மேலே தள்ளுகிறது, வரிசையில் கடைசியாக இருப்பவர் முதலில் விழுகிறார். வெயில் நன்றாக அடிக்கிறது, உற்பத்தி பூஜ்யம். அந்த வீட்டில் வாஷிங் மெஷினையும் தண்ணீர் மோட்டாரையும் மதியத்துக்கு மாற்றச் சொன்னேன், பாதிப் பிரச்சினை போனது. அடுத்து, மத்திய அரசின் 2023 விதிப்படி விவசாயம் தவிர எல்லா நுகர்வோருக்கும் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வர வேண்டும், வெயில் நேரத்து விலை வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் கீழே இருக்க வேண்டும். வீடுகளுக்கு அது வரும் நாளில் மதிய யூனிட்டை விற்றுச் சம்பாதிக்கும் கணக்கு இங்கேயும் மாறும்.

ஆகவே ஊர் வீட்டுக்கு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அங்கே பகலில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு கரண்ட் எரிகிறது என்பதைத்தான். ஆள் இருக்கும் வீடு என்றால் பகல் செலவுக்கு ஏற்ற அளவில் போடலாம். விற்கிற விலை எப்படி ஆடினாலும் வாங்காமல் தவிர்த்த யூனிட்டின் லாபம் உங்களிடமே இருக்கும். பூட்டிய வீடு, முழுக்க விற்பனைக்கு என்றால், முதலீடு என்று சொல்லிக்கொண்டு கடன் வாங்கிப் போடாதீர்கள். பேட்டரி இப்போது வாங்காவிட்டாலும், பிறகு சேர்க்கக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டராக வாங்குங்கள். கொட்டேஷன் கேட்கும்போதே, இன்றைய விலையில் ஒரு கணக்கு, அதில் பாதி விலையில் ஒரு கணக்கு, பன்னிரண்டாம் வருஷம் இன்வெர்ட்டர் மாற்றும் செலவு, கிரிட் அணைக்கச் சொல்லும் நாட்களுக்கு இழப்பீடு உண்டா என்ற ஒப்பந்த வரி, இவை நான்கையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கிற ஆளிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.