போத்து நட்டால் பவளம் பிழைக்குமா?

2023 கோடையில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளைச் சுற்றிய கடல் கொதித்தது. ஆழம் குறைந்த மேனட்டி விரிகுடாவில் மிதவைக் கருவி ஒன்று ஜூலையில் 38.4 டிகிரி செல்சியஸ் காட்டியது. நமக்கு அது காய்ச்சல் அடிக்கும் சூடு. அதே மாதம் அங்குள்ள சோம்ப்ரேரோ பவளத்திட்டில் ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் நட்டு வளர்த்த பவளங்கள் மொத்தமும் செத்துப்போயின.

பவளம் ஒரு விலங்கு. பாலிப் என்னும் சிற்றுயிர்கள் தாமே கட்டிய சுண்ணாம்புக் கூட்டில் கூட்டமாக வாழ்கின்றன. அவற்றின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் பாசி தயாரிக்கும் சர்க்கரைதான் பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கு. நீர் அளவுமீறிச் சூடானால் பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டு, செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் தந்தது பாசி என்பதால், சதை வழியே வெள்ளைக் கூடு தெரிய ஆரம்பிக்கும். இதுதான் வெளிறல். வெளிறிய பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வந்து அது தேறிவிடலாம்.

ஆகவே சூட்டின் அளவோடு அது நீடிக்கும் காலமும் முக்கியம். ஓர் இடத்தின் மிக வெப்பமான மாதச் சராசரியைவிட ஒரு டிகிரி கூடுதலாக நான்கு வாரம் நீடித்தால் பெரிய அளவில் வெளிறல் தொடங்கும். எட்டு வாரம் என்றால் சாவும் தொடங்கும்.

சரி, ஃபுளோரிடாவில் எப்படி நட்டார்கள்? நம் ஊரில் முருங்கைப் போத்து நடுவது போலத்தான். மான்கொம்புப் பவளத்தில் ஒரு துண்டை உடைத்து, கடலடியில் நிறுத்திய பிவிசி குழாய் மரத்தில் தூண்டில் நரம்பால் கட்டித் தொங்கவிடுவார்கள். வளர்ந்ததும் எடுத்துப் பாறையில் ஒட்டுவார்கள். வேகமான, கைக்கு அடங்கிய முறை. ஆனால் ஒரே தாயிலிருந்து வந்த துண்டுகள் எல்லாம் ஒரே மரபணு. தாய் தாங்காத சூட்டைப் பிள்ளையும் தாங்காது. போதாததற்கு, ஒரே மரபணுத் துண்டுகள் பெரும்பாலும் தங்களுக்குள் கருவுறுவதும் இல்லை. கீஸ் பகுதியில் மான்கொம்புப் பவளமும் அதன் நெருங்கிய உறவான எல்க்ஹார்ன் பவளமும் அந்த வெப்ப அலையில் ஏறக்குறைய முழுதும் அழிந்தன. எஞ்சியவற்றால் இனித் திட்டு கட்ட முடியாது என்று 2025இல் ஓர் ஆய்வு அறிவித்தது.

என் பார்வையில், இனி ஒரு துண்டை நடுமுன் அதன் வெப்பம் தாங்கும் திறனைச் சோதித்தே ஆக வேண்டும். சோதனை சிக்கலானதல்ல. சிறு தொட்டிகளில் துண்டுகளை வைத்து ஒரே நாளில் சூட்டை ஏற்றி இறக்கி, பாசியின் ஒளிச்சேர்க்கை எவ்வளவு விழுகிறது என்று அளந்தால் தாங்குவதும் தாங்காததும் பிரிந்துவிடும்.

அப்புறம் கலப்பு. எல்க்ஹார்ன் பவளம் ஆண்டுக்கொரு பருவத்தில், பௌர்ணமி கழிந்த சில இரவுகளில், சூரியன் மறைந்து சில மணி நேரத்தில் இனப்பெருக்கம் செய்யும். ஒவ்வொரு பாலிப்பின் வாயிலும் முட்டையும் விந்தும் சேர்ந்த இளஞ்சிவப்பு உருண்டை ஒன்று ஒட்டி நிற்கும். பிறகு எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடுபட்டு மேலே மிதக்கும். முக்குளிப்பவர்கள் பவளத்தின் மேல் கூம்பு வலையைக் கவிழ்த்து, உச்சியில் உள்ள குப்பியில் அவற்றைப் பிடிக்கிறார்கள். வெவ்வேறு பெற்றோரின் உருண்டைகளை ஆய்வகத்தில் கலந்தால் குஞ்சுகள் பிறக்கும்.

மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் டேலா விரிகுடாவில் நீர் சூடு, கலங்கலும் கூட. அங்கேயும் எல்க்ஹார்ன் செழிக்கிறது. மயாமி பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பேக்கர் குழு அங்கிருந்து துண்டுகளைக் கொண்டுவந்தது. அவற்றை ஃபுளோரிடாப் பவளத்தோடு கலந்தார்கள். பிறந்த குஞ்சுகளை 2025 ஜூலையில் மயாமி அருகே கடலில் நட்டார்கள். வேறு நாட்டுப் பவளத்தோடு கலந்ததை இயற்கைத் திட்டில் நட அனுமதி கிடைத்தது அதுவே முதல் முறை.

இதற்கும் எல்லை உண்டு. பசிபிக் தீவு நாடான பலாவில் வெப்பம் தாங்கும் பெற்றோரைத் தேர்ந்து கலந்து பார்த்தபோது, ஒரு தலைமுறையில் கிடைத்த முன்னேற்றம் ஏறக்குறைய ஒரு டிகிரிச் சூட்டை ஒரு வாரம் கூடுதலாகத் தாங்கும் அளவுதான். சூட்டைத் தாங்கும் பாசி வகையைக் குடியேற்றினால் கூடுதலாக ஏறக்குறைய ஒரு டிகிரி தாங்கலாம், ஆனால் வளர்ச்சி மந்தமாகும். புவி 2 டிகிரி சூடானால் வெப்பமண்டலப் பவளத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் போய்விடும் என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2018 அறிக்கை. கலப்புப் பவளம் அதைத் தடுக்காது. கரிமவெளியீட்டைக் குறைக்கும்வரை சில திட்டுகளையாவது உயிரோடு வைத்திருக்கும் என்பதே அதில் உள்ள நம்பிக்கை.