பீரோவைப் பூட்டினால் கணக்கு சரியாகிவிடுமா?

முதன்முதலாக ஒரு பள்ளி நூலகத்தில் பொறுப்பேற்ற நாளில் நான் செய்த தவறு இன்றும் உறுத்துகிறது. முன்பு இருந்தவருக்கு இடமாறுதல். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். 'அனைத்தும் சரியாக உள்ளன' என்று எழுதி நீட்டினார். ஒரு நூலைக்கூட எண்ணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோடை விடுமுறையில் எண்ணியபோது 43 நூல்களைக் காணோம். அடுத்த இரண்டு ஆண்டுகள் பீரோச் சாவி என் கையை விட்டு இறங்கவில்லை. பிள்ளைகள் கண்ணாடி வழியாக அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போவார்கள்.

பள்ளி நூலகம் பூட்டிக் கிடந்தால் சோம்பல் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது பயம். தணிக்கையில் கேட்பார்கள், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். பாட வேளைகளுக்கு இடையே கூடுதல் பொறுப்பாக நூலகத்தைப் பார்க்கும் ஆசிரியர்களிடம் இது இன்னும் அதிகம். நூல்கள் பயன்பாட்டுக்கே என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இலேயே நூலகங்களுக்கான முதல் விதியாக எழுதிவைத்தார். தணிக்கையாளர் முன் நிற்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை!

என் பயம் தெளிந்தது வேறொரு விதியால். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017. விதி எண் 215. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு 5 வரை தொலைவதை அது இயல்பான இழப்பாக ஏற்கிறது. நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் விசாரணை உண்டு. மாநில அரசுப் பள்ளிகளையும் தனியார் பள்ளிகளையும் இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அங்கே உள்ளவர்கள் தங்கள் விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கணக்கைக் கவனியுங்கள். ஆயிரத்துக்கு ஐந்து என்பது அலமாரியில் உள்ள நூல்களுக்கு அல்ல, புழங்கிய நூல்களுக்கு. பூட்டியே வைத்தவருக்கு அந்தச் சலுகை சுழியம். அதனால்தான் வழங்கல் பதிவேட்டை அன்றன்றே எழுதச் சொல்கிறேன். "அப்புறம் எழுதிக்கொள்ளலாம் சார்" என்று பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பிய நூலுக்குச் சாட்சியே இல்லை.

புதிதாக வரும் நூல்களைப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு நூலுக்கு ஓர் எண். அந்த நூல் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டாலும் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். பில்லின் பின்புறம் எந்த எண் முதல் எந்த எண் வரை என்று குறித்த பிறகே பணம் கொடுக்க அனுப்புங்கள். தவறாக எழுதினால் ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். வெள்ளை மை பூசிய இடத்தில்தான் தணிக்கையாளரின் விரல் முதலில் நிற்கும்.

சென்ற ஐப்பசியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரம் நூலகப் பக்கமே வரவில்லை. அழைத்து விசாரித்தேன். பையிலிருந்து பாலிதீன் உறையை எடுத்தாள். உள்ளே அப்பளம் போல உப்பிய நூல், கூரை ஒழுகியதாம். அபராதத்துக்குப் பயந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து உலர்த்தியிருக்கிறாள், ஓரம் கருகியிருந்தது. வழங்கல் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் 'மழையில் சேதம், கழிவுப் பட்டியலுக்கு' என்று எழுதித் தலைமையாசிரியரிடம் ஒப்பம் வாங்கினேன். அடுத்த வரியில் அவள் பெயரையே எழுதி வேறொரு நூலைக் கொடுத்தேன். பாலிதீன் உறையைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.