‘நல்லா மூச்ச இழு’ என்று சொல்லாதீர்கள்

பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று கடும் பயமும் படபடப்பும் மூச்சுமுட்டலும் வந்த ஒருவரைச் சுற்றி நான்கு பேர் நின்றால் நால்வரும் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள்: “நல்லா மூச்ச இழுப்பா தம்பி, இன்னும் நல்லா இழு.” ஐந்தாவது ஆள் கோடாலித் தைலத்தைத் திறக்கிறார். சில நிமிடங்களில் அந்தத் தம்பிக்கு விரல்கள் மரத்து, கை மடங்கி விறைத்துக்கொள்கிறது. பார்ப்பவர்கள் வலிப்பு என்று பதறி, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸை அழைக்கும் எண்ணான 995-ஐ அழைக்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இசிஜி சரி, ரத்தப் பரிசோதனை சரி, வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். இதே சுற்று மூன்று நான்கு முறை முடிந்த பிறகுதான் உளவியலாளரிடம் வருகிறார்கள். அந்தக் கை விறைப்பில் பாதி, சுற்றி நின்றவர்கள் சொன்ன யோசனையால் வந்தது. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஆகவே எழுதுகிறேன்.

மூச்சு முட்டுவதால் காற்று போதவில்லை என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். பயம் ஏறும்போது அது 30-ஐத் தொடலாம், ஒவ்வொரு மூச்சும் பெரிதாகவும் இருக்கும். ஆக்சிஜன் ஏற்கெனவே நிறைவாகத்தான் இருக்கிறது. இவ்வளவு இழுத்து விடுவதால் தேவைக்குமேல் வெளியே போய்விடுவது கார்பன் டை ஆக்சைடு.

அது வெறும் கழிவு என்று பள்ளியில் படித்ததோடு பலர் நின்றுவிட்டார்கள். ரத்தத்தில் அதற்கும் ஓர் அளவு வேண்டும். அளவு இறங்கினால் ரத்தத்தின் காரத்தன்மை கூடும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலைசுற்றல், பார்வை மங்கல், சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாதது போலத் தோன்றுவது எல்லாம் இதனால்தான். ரத்தத்தில் தனித்து உலவும் கால்சியமும் குறையும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதும் கை விறைப்பதும் அதனால். ஓயாமல் வேலை செய்த நெஞ்சுத் தசைகளும் வலிக்கத் தொடங்கும். இந்த நிலையில் இருப்பவரிடம் போய் “இன்னும் இழு” என்றால் என்ன ஆகும்?

நம்பவில்லையா? 2021-ல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் ஏதாவது இழுப்பறையில் கிடக்கும். பேட்டரி மாற்றி, அடுத்த முறை அட்டாக் வரும்போது விரலில் மாட்டிப் பாருங்கள். “மூச்சே போகலை” என்று தவிக்கும் அதே நேரத்தில் பெரும்பாலும் 98, 99 சதவீதம் என்று காட்டும். ஒருமுறை பார்த்தால் போதும். மணிக்கு ஒருமுறை மாட்டிப் பார்க்கத் தொடங்கினால் அதுவே இன்னொரு நோய். அப்படிப்பட்டவர்களிடம் கருவியை யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்கிறோம். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு 98 காட்டுகிறது என்பதற்காக இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டவும் கூடாது. அந்தக் கருவிக்கு இதயத்தைப் பற்றித் தெரியாது.

செய்யவேண்டியது சின்ன மூச்சு. வாயை மூடி, மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மெல்ல உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. தோள் உயரக்கூடாது, வயிறு லேசாக அசைந்தால் போதும். இப்படி ஐந்து நிமிடம். இழுப்பதைவிட விடுவதில் கவனம் வையுங்கள். பலர் இதை அட்டாக் வந்த அன்றுதான் முதன்முதலாக முயன்று, வரவில்லை என்று கைவிடுகிறார்கள். நிதானமாக இருக்கும் நாள்களில் காலையும் மாலையும் பழகியிருந்தால்தான் தேவைப்படும் நேரத்தில் வரும். தயவுசெய்து காகிதப்பையை முகத்தில் கவிழ்க்காதீர்கள். பழைய படங்களில் பார்த்த வைத்தியம் அது. வந்திருப்பது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால் பைக்குள் ஆக்சிஜன் குறைந்து ஆபத்தாகும்.

பக்கத்தில் இருப்பவர் அதிகம் பேசவேண்டாம். “அண்ணே, முன்னாடி வந்த அதே பேனிக் அட்டாக்தான். கொஞ்ச நேரத்துல இறங்கிடும். நான் இங்கேயே இருக்கேன்.” இவ்வளவு போதும். பயம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அரைமணி நேரத்துக்குள் இறங்கிவிடும். மயங்கி விழுந்துவிடுவேனோ என்பது எல்லாருக்கும் உள்ள அச்சம். ஆனால் அட்டாக்கின்போது ரத்த அழுத்தம் பொதுவாக ஏறித்தான் இருக்கும். மயக்கம் வருவது அழுத்தம் சட்டென்று இறங்கும்போது. ரத்தத்தையோ ஊசியையோ கண்டாலே மயங்கி விழுபவர்கள் வேறு வகை, அவர்களுக்கான பயிற்சியும் வேறு.

இவ்வளவும் ஏற்கெனவே மருத்துவர் பார்த்து பேனிக் அட்டாக் என்று சொன்னவர்களுக்கு. முதல்முறை நெஞ்சில் அழுத்தம் வந்தால் நீங்களாக முடிவுசெய்யாதீர்கள், 995-ஐ அழையுங்கள். இந்திய வம்சாவளியினருக்கு மாரடைப்பு இளம் வயதிலேயே வரும் வாய்ப்பு அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வழக்கமான வலி இல்லாமலே வரலாம். படியேறும்போது வந்து உட்கார்ந்தால் விடுகிற வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, எப்போதும் வருவதிலிருந்து மாறுபட்ட வலி எதுவானாலும் உடனே காட்டவேண்டும். தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றையும் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும். பார்த்துச் சரியாக இருந்தால் அத்தோடு நம்புங்கள். ஐந்தாவது இசிஜி நான்காவதைவிட அதிகமாக எதையும் சொல்லிவிடாது.

எல்லாம் சரியென்று வந்ததும் வீட்டில் தொடங்கும் பேச்சு எனக்கு இன்னும் கோபமூட்டுவது. “ஒண்ணுமில்லையாம், சும்மா நெனச்சுக்கிறான்.” “வேலையில்லாம உக்காந்து யோசிச்சா இப்படித்தான்.” துடிப்பு நிஜம், வியர்வை நிஜம், கை விறைத்தது நிஜம். தவறாக இருப்பது உடம்பின் அந்த அறிகுறிகளுக்கு மனம் கொடுக்கும் அர்த்தம். பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் விளக்கியது இதைத்தான். நெஞ்சு படபடக்கிறது, ‘செத்துவிடுவேன்’ என்று மனம் படிக்கிறது, அந்தப் பயத்தில் படபடப்பு கூடுகிறது, அதை மறுபடி மனம் படிக்கிறது. திடமாக இரு என்று அதட்டுவதால் இந்தச் சுழல் அறுவதில்லை.

அறுப்பதற்குப் பதில் அதற்குத் தீனி போடுவது, தவிர்த்தல். முதலில் எம்ஆர்டி ரயில் வேண்டாம், பிறகு மின்தூக்கி வேண்டாம், பிறகு தேக்கா சந்தைக் கூட்டம் வேண்டாம், கடைசியில் மனைவி இல்லாமல் காப்பிக்கடைக்குக்கூடப் போவதில்லை. போனாலும் கையில் தண்ணீர்ப் போத்தல், பையில் தைலம், கதவோரம்தான் இருக்கை. ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பினாலும் ‘போத்தல் இருந்ததால் பிழைத்தேன்’ என்றே மனம் கணக்கு எழுதிக்கொள்ளும்.

சிகிச்சையில் இதைப் படிப்படியாகத் திருப்புகிறோம். உதாரணமாக, முழுக்கச் சுரங்கத்தில் ஓடும் வடகிழக்கு ரயில்பாதைக்குப் பயப்படுபவர் லிட்டில் இந்தியா நிலையத்து மேடையில் ரயிலேறாமல் கால்மணி நேரம் நிற்பார். அடுத்து ஃபேரர் பார்க் வரை ஒரே நிறுத்தம், கூட்டமில்லாத நேரத்தில். பிறகு செராங்கூன் வரை. பிறகு அதே பயணம் மாலை நெரிசலில். பிறகு போத்தல் இல்லாமல், மனைவிக்குப் போன் போடாமல். ஒவ்வொரு படியும் அலுப்புத் தட்டும்வரை பலமுறை. நடுவில் பயம் ஏறும், ஏறட்டும். ஏறியதும் குதித்து இறங்கிவிட்டால்தான் பயிற்சி வீண். இதில் மூச்சுப் பயிற்சியையே புதிய போத்தலாக்கிக்கொள்பவர்களும் உண்டு, அதனால் சில கட்டங்களில் அதையும் நிறுத்தச் சொல்வோம். மெல்லிய உறிஞ்சுகுழாய் வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடுவது, நின்ற இடத்திலேயே ஓடுவது எனப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைக்கும் பயிற்சிகளும் உண்டு. அவற்றை நீங்களாகச் செய்யாதீர்கள், ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கட்டாயம் கூடாது.

காப்பியைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் “ரெண்டே கப்தான்” என்கிறார்கள். இங்கே காப்பிக்கடைகளில் வழக்கமாகப் போடுவது ரொபஸ்டா, அராபிகாவைவிட ஏறக்குறைய இருமடங்கு காஃபின் உள்ள கொட்டை. கோப்பி ஓ காவ் என்ற கெட்டியான கறுப்புக் காப்பி குடிப்பவருக்குப் படபடப்பு வருவதில் என்ன ஆச்சரியம்! ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி பிடுங்கும். ஒவ்வொரு வாரமும் தினசரி அளவில் ஒரு கப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மாத்திரை தேவைப்பட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகள் வேலைசெய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் வாரத்தில் பதற்றம் சற்றுக் கூடவும் கூடும். அதைக் கண்டு மூன்றாம் நாளே குப்பையில் போடாதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். ஊருக்குப் போன மாமாவிடம் சொல்லி வாங்கிவரச் செய்யும் ‘அமைதி மாத்திரை’ பழக்கமாகிவிடும் ரகம். அதைக் கேட்காதீர்கள், கேட்டால் கொடுக்காதீர்கள்.

பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கினால் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம். பதற்றநோய்ச் சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தையும் பயன்படுத்த வழி உண்டு, தாதியிடம் கேளுங்கள். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண் 1771, நாள் முழுதும் திறந்திருக்கும். உயிருக்கே ஆபத்தான மனநெருக்கடி என்றால் மனநலக் கழகத்தின் 6389 2222. நெஞ்சுவலி முதல்முறை என்றால் இந்த இரண்டுமே இல்லை, 995.