சைடர் மில் வாசனை ஏன் பாட்டில் ஜூஸ்ல வரமாட்டேங்குது?

மிச்சிகன்ல ரொம்ப நாள் இருந்துட்டு இப்ப டெக்சாஸ் போயிட்ட ஒரு வாசகர் கேட்டிருந்தாங்க. செப்டம்பர், அக்டோபர் வந்தா பசங்களைக் கூட்டிட்டு சைடர் மில்லுக்கு (ஆப்பிளைப் பிழிஞ்சு சைடர்ங்கற கலங்கலான ஜூஸ் எடுக்கற இடம்) போவோம், சூடா டோனட், கூட ஒரு கப் சைடர், இப்ப கடையில எந்த ஆப்பிள் ஜூஸ் வாங்கினாலும் அந்த வாசனை இல்லையே, ஏன்னு. அருமையான கேள்வி.

மிச்சிகன்ல ராச்செஸ்டர் பக்கம் இருக்கற யேட்ஸ் சைடர் மில் 1863ல மாவு மில்லா ஆரம்பிச்சது, 1876லேர்ந்து ஆப்பிள் பிழியறாங்க. பழைய முறை சிம்பிள்தான்: பழத்தைத் தோலோட அரைச்சு, துணியில மடிச்சு, நடுநடுவுல மரச்சட்டம் வச்சு அடுக்கி, அழுத்திப் பிழியறது. வடிகட்டித் தெளிய வைக்கறதில்ல, போதையும் கிடையாது.

விஷயமே அந்த அரைக்கிற இடத்துலதான் இருக்கு. முழு ஆப்பிளை மோந்து பார்த்தா வர்ற இனிப்பு வாசனை எஸ்டர்கள்ங்கற வேதிப்பொருட்களோடது, அது பழம் பழுக்கும்போதே உருவாகிடும். ஆனா மில்லுக்குள்ள நுழைஞ்சதும் மூக்குல ஏறுற அந்தப் பச்சை வாசனை முழுப் பழத்துல கிட்டத்தட்ட இல்லவே இல்ல! செல் உடைஞ்சதும் அதோட சவ்வுல இருக்கற கொழுப்பு அமிலங்கள் வெளிய வருது, லிப்பாக்சிஜினேஸ்ங்கற என்சைம் (வேதி மாற்றத்தை வேகமாக்கற புரதம்) காத்துல இருக்கற ஆக்சிஜனை அதுல சேர்க்குது, அடுத்த என்சைம் அதை வெட்டுது, ஹெக்ஸனல் மாதிரி சின்ன மூலக்கூறுகள் சில நொடியில பறக்க ஆரம்பிச்சிடுது. புல்லு வெட்டும்போது வர்ற வாசனையும் இதே குடும்பம்தான். அதாவது நாம மோந்த வாசனை அந்த நிமிஷம், நம்ம கண்ணு முன்னாடி பிறந்தது, எனக்கு இதை நினைச்சாலே சிலிர்க்கும்.

நிறமும் அப்படித்தான். செல்லுக்குள்ள ஃபீனால்ங்கற வேதிப்பொருள் ஒரு அறையில, அதைக் கறுக்க வைக்கிற என்சைம் வேற அறையில இருக்கும், அரைச்சதும் ரெண்டும் ஆக்சிஜனோட சேர்ந்து பழுப்பாயிடும், வாழைக்காய் நறுக்கினா கறுக்கறதும் இதேதான்.

அப்புறம் மூளை. பார்வை, சத்தம் எல்லாம் தலாமஸ்ங்கற மூளையோட நடு நிலையம் வழியாத்தான் போகும், வாசனை மட்டும் அங்க நிக்காம உணர்ச்சியைக் கவனிக்கற அமிக்டலாவுக்கு நேரா போயிடும், ஞாபகத்தைப் பதியற ஹிப்போகேம்பஸும் பக்கத்துலயே. அதான் மனசு அப்படி ஏங்குது.

கடை ஜூஸை வடிகட்டி, சூடாக்கி, நிறைய பாட்டில்ல வைட்டமின் சி சேர்த்து வெளிறிப்போக வச்சிடறாங்க. சூட்டுல வாசனையும் கொஞ்சம் போயிடும். கிருமி கொல்லணும்ங்கறது நியாயம்தான், 1996ல சூடாக்காத ஆப்பிள் ஜூஸ் குடிச்சு ஈ.கோலைங்கற பாக்டீரியா தொத்தி ஒரு குழந்தை இறந்துபோச்சு. அதுக்கப்புறம் சூடே இல்லாம புற ஊதா ஒளியால கிருமி கொல்ற முறைக்கு 2000ல அமெரிக்க அரசு அனுமதி குடுத்தது, கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரங்க இதுல நிறைய உழைச்சாங்க. சின்ன மில்காரங்களுக்கு உதவற இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் அரசாங்கம் தாராளமா காசு குடுக்கணும்னு நான் எப்பவும் சொல்லுவேன்.

அடுத்த தடவை மிச்சிகன் போனா, புற ஊதா முறையா சூடாக்கற முறையான்னு மில்லுலயே கேட்டு வாங்குங்க, முக்கியமா பிழியற நேரம் பார்த்துப் போங்க.