பெயர் ஒன்றுதான், பதிவேடுகள் வேறு

கொழும்பு 7இல் ஹோர்ட்டன் பிளேஸ் இருக்கிறது. 1831 தொடக்கம் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் அது. மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளியும் அவர் பெயரில்தான். அந்த வீதியின் 24ஆம் இலக்கத்தில் லக்ஷ்மன் கதிர்காமர் நிறுவனம் அமைக்கப்பட்டது. நிறுவனத்துக்கு முன்னாள் வெளிநாட்டு அமைச்சரின் பெயர். அமைச்சரின் குடும்பத்துக்குக் கந்தனின் பெயர். கந்தனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது மாணிக்க கங்கைக் கரையில் இருக்கும் கதிர்காமம் என்ற ஊர். புதுச்சேரியிலும் கதிர்காமம் என்று ஒரு சட்டமன்றத் தொகுதி உண்டு. ஊர், தெய்வம், ஆள், நிறுவனம் என்று ஒரே பெயர் இத்தனை பேரிடம் இருந்தும் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

காணி, காசு, கையெழுத்து என்று வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. பெயர்ப் பதிவு வேலையில் திரும்பத் திரும்பக் காணும் பிழை ஒன்று உண்டு. ஒரு பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் எல்லாப் பதிவேட்டிலும் அது தமக்கே சொந்தம் என்று நம்பிவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பதிவேடு, கடைக்கு ஒன்று, கம்பனிக்கு ஒன்று, வியாபாரக் குறிக்கு (ட்ரேட்மார்க்) ஒன்று, இணையப் பெயருக்கு இன்னொன்று. ஒன்றில் உள்ளது மற்றதுக்குத் தெரியாது.

பெயர் எப்படிப் பரவுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் எந்த வழியால் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் சிக்கலும் அமையும்.

ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் மண்ணைப் பார்த்து வைத்தவை. புளியமரமும் குளமும் இருந்த இடமெல்லாம் புளியங்குளம். வவுனியா வடக்கில் ஒன்று ஏ9 வீதியில் இருக்கிறது. அநுராதபுரத்தில் இருப்பது சிங்கள விகுதியோடு புளியங்குளம. கொக்குவில் யாழ்ப்பாணத்திலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் நமது புதுக்கடைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பெயர்ச்சகோதரன் இருக்கிறது. சிங்களத்தில் அளுத்கடே என்பதும் அதே பொருள்தான். ஆங்கிலத்தில் மட்டும் ஹல்ஸ்டோர்ப்: 1656இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்துத் தளபதி ஹெரார்ட் ஹுல்ஃப்டின் பெயர். ஆக, புதுக்கடைக்கு மூன்று மொழியில் மூன்று பெயர், அதில் இரண்டு ஒரே கருத்து. பழைய காணி உறுதிகளில் இந்த மூன்றும் கலந்து கிடக்கும்.

இன்னொரு வழி கப்பலேறி வந்தது. ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரில் ஹட்டன் என்ற கிராமம் இருக்கிறது. துரைமார் தங்கள் ஊரின் பெயரை மலைக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக்கு வைத்த பெயர் நகரத்துக்கானது. 1888இல் அந்த நகரில் ஹட்டன் வங்கி தொடங்கியது. 1970இல் அது ஹட்டன் நெஷனல் வங்கியாகி, தலைமையகம் கொழும்பில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கணக்கு வைத்திருப்பவர் ஹட்டனைக் கண்டிருக்க வேண்டியதில்லை, ஹட்டன்வாசி அபர்டீன்ஷயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதுமில்லை. கிளாஸ்கோ, எடின்பரோ, ஹொலிரூட், டன்சினன் என்று தோட்டங்கள் எல்லாம் இந்த வகைதான்.

விற்பனையாலும் பெயர் பரவும். தோமஸ் லிப்டன் 1890இல் இங்கே தோட்டங்கள் வாங்கினார். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் லிப்டன் ஆசனம் இருக்கிறது. கொழும்பில் கண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சுற்றுவட்டத்தைப் பலரும் இன்னும் லிப்டன் சுற்றுவட்டம் என்றுதான் சொல்கிறார்கள். அவர் 1931இல் காலமானார். பெயர் பின்னர் யூனிலீவருக்குப் போய், 2022இல் அங்கிருந்தும் கைமாறியது. ஆள் ஒருவர், மலை ஒன்று, சந்தி ஒன்று, தேயிலைப் பெட்டி ஒன்று. இவற்றில் விலைக்குப் போனது கடைசி மட்டும்.

வெறும் தற்செயலும் உண்டு. கொழும்புக் கோட்டையில் சிவப்புக் கட்டடத்தோடு நிற்கும் கார்கில்ஸ் 1844இல் தொடங்கியது. அமெரிக்காவின் கார்கில் 1865இல் வேறொரு குடும்பம் தொடங்கியது. இரண்டும் உணவு வியாபாரம், ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. கொழும்பின் ஹவ்லொக் டவுன் 1890 முதல் 1895 வரை ஆளுநராக இருந்த ஆர்தர் ஹவ்லொக்கின் பெயர். அந்தமானின் ஹவ்லொக் தீவு ஹென்றி ஹவ்லொக் என்ற தளபதியின் பெயர். தீவின் பெயரை 2018இல் மாற்றிவிட்டார்கள். கொழும்புக்கே இந்த விதி உண்டு. 1344இல் வந்த இபின் பதூதா கலன்பு என்று எழுதிய ஊரை, போர்த்துக்கேயர் தங்கள் நாக்குக்குப் பழகிய கொலம்போ ஆக்கினார்கள். இத்தாலியில் அது புறாவைக் குறிக்கும் குடும்பப்பெயர். பிரேசிலில் ஒரு கொலம்போ நகரம் இருக்கிறது, அது கொலம்பஸின் பெயர். அமெரிக்காவில் கொலம்போ என்று விற்ற தயிர், 1929இல் கொலம்போசியன் என்ற ஆர்மீனியக் குடும்பம் தொடங்கியது. பிரெஞ்சுக் கரீபியன் தீவுகளில் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்கள் கொண்டுபோன கறித்தூளுக்கும் கொலம்போ என்றே பெயர். அது ஊரின் பெயரா, குழம்பா என்று இரண்டு கருத்து இருக்கிறது. எங்கள் வாக்கு குழம்புக்கு.

இனி ஆட்பெயருக்கு வருவோம், அதிகம் அடிபடுவது இங்கேதான்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் இல்லை. கந்தசாமியின் மகன் சிவகுமார் என்றால் முழுப்பெயர் கந்தசாமி சிவகுமார்; அவருடைய மகன் சிவகுமார் கஜன். கடவுச்சீட்டிலோ குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம், ஏனைய பெயர்கள் என்று ஒரு கட்டம். ஒரு பிள்ளைக்கு அப்பாவின் பெயர் முதல் கட்டத்தில் போகும், மற்றப் பிள்ளைக்குச் சொந்தப் பெயர் போகும். பத்து வருடம் கழித்து விசா அலுவலகத்தில் உடன்பிறந்தவர்களே அந்நியராகிவிடுவார்கள். பெண்களுக்குக் கலியாணத்துக்குப் பிறகு கணவனின் பெயரும் சேரும்போது ஒருவரே மூன்று பேராகத் தெரிவார். பிறப்புச் சான்றிதழில் உள்ள வரிசையை எல்லாப் பத்திரத்திலும் அப்படியே வைத்திருப்பதைவிடச் சிறந்த வழி கிடையாது.

எழுத்துக்கூட்டல் இன்னொரு பொறி. பழைய பிறப்புப் பதிவுகள் தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும். ஆங்கில எழுத்து மொழிபெயர்ப்பாளர் மேசையில் பிறக்கிறது. கணேசனை ஒருவர் ‘ஜி’யில் தொடங்குவார், இன்னொருவர் ‘கே’யில். தர்மலிங்கம் ‘டி’யிலும் வரும், ‘ரி’யிலும் வரும். சிங்களத்தில் ழகரம் இல்லை. ஆகவே சிங்களத்தில் பதிந்த பெயரைத் திருப்பித் தமிழில் எழுதும்போது அந்த எழுத்து திரும்பி வருவதில்லை. மலையகத்தில் செக்ரோல் என்ற தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில் காதில் விழுந்தபடி எழுதிய பெயர், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கிலும் அப்படியே ஏறியிருக்கும். ஓய்வுபெற்றுப் பணம் எடுக்கப் போகும்போது அடையாள அட்டைக்கும் அதற்கும் பொருந்தாது. வேலையில் இருக்கும்போதே சேமலாப நிதிக் கணக்கை அடையாள அட்டை இலக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். தோட்டம் கைமாறிய பிறகு பழைய எழுதுவினைஞரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அடையாள அட்டை இலக்கம் இதற்காகவே இருக்கிறது. பழைய இலக்கம் 9 எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வந்தது 12 எண். முதல் 4 பிறந்த ஆண்டு, அடுத்த 3 அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவார்கள், அதனால் மார்ச் 1 எந்த ஆண்டிலும் 061. பிறந்த திகதியோடு இதைப் பொருத்திப் பார்த்தால் தட்டச்சுப் பிழை உடனே தெரியும். உறுதியில் இலக்கத்தை நகலெடுக்கும்போது இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் விடுவதால் பிறகு திருத்த உறுதி எழுத வேண்டி வருகிறது.

ஒரே பெயரால் வெளிநாட்டுப் பணம் தடைபடுவதும் நடக்கிறது. 2012ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின் கீழ் பயங்கரவாதத் தொடர்புள்ளவர்கள் என்று பெயர் குறிக்கப்பட்டவர்களின் பட்டியல் வர்த்தமானியில் வருகிறது. வங்கிகள் வரும் பெயர்களை அதோடும் வெளிநாட்டுப் பட்டியல்களோடும் ஒப்பிடும். நம் பெயர்கள் சில நூறுக்குள் சுழல்பவை, அதனால் குற்றமற்றவரின் பெயரும் பொருந்திவிடும். வங்கி பணத்தை நிறுத்திவைத்தால் பதற வேண்டாம். பிறந்த திகதி, பிறந்த இடம், அடையாள அட்டை இலக்கம், தந்தையின் பெயர் ஆகியவற்றை எழுத்தில் கொடுங்கள். அனுப்புபவரிடமும் தலைப்பெழுத்தை விரித்து முழுப்பெயரில் அனுப்பச் சொல்லுங்கள். ‘கே. சிவகுமார்’ என்பது ஆயிரம் பேர், ‘கந்தசாமி சிவகுமார்’ சில பேர், இலக்கத்தோடு வந்தால் ஒருவர்.

பல பெயரில் பத்திரம் உள்ளவருக்கு, எல்லாம் ஒருவரே என்ற சத்தியக்கடதாசி உதவும். சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் செய்வது. ஒவ்வொரு பத்திரத்திலும் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில், பத்திரத்தின் இலக்கமும் திகதியும் சேர்த்து, ஒன்றும் விடாமல் எழுத வேண்டும். பெரும்பாலும் பிழைப்பது இங்கேதான். இரண்டு வடிவத்தை எழுதிவிட்டு, வங்கிப் புத்தகத்தில் இருக்கும் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். சத்தியக்கடதாசி பதிவேட்டைத் திருத்தாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கடை திறப்பவர்கள் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிந்து, சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியதும் பெயர் தமதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் இந்தப் பெயரில் வியாபாரம் செய்பவர் யார் என்று சொல்கிறது, அவ்வளவுதான். அது மாகாண மட்டத்துப் பதிவு; மாகாணம் ஒன்பது. செட்டியார் தெருவில் நடந்து பாருங்கள், அம்பாளும் லக்ஷ்மியும் முருகனும் எத்தனை பலகையில் இருக்கிறார்கள் என்று. தெய்வத்தின் பெயரில் ஒருவர் மட்டும் உரிமை கோருவது எப்போதும் பலவீனமான வழக்கு.

கம்பனிக்கு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்த்தன மாவத்தையில் உள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஏற்கெனவே உள்ள கம்பனியின் பெயரை மறுபடி தரமாட்டார்கள். ஆனால் அந்தத் தேடல் கம்பனிகளை மட்டும் பார்க்கிறது. பக்கத்து வீதிக் கடையின் வணிகப் பெயரோ, பதிவான வியாபாரக் குறியோ அங்கே தெரியாது. பின்னால் பெயரை மாற்ற வேண்டிவந்தால் பதிவாளரின் முன்னனுமதியும் பங்குதாரர்களின் விசேட தீர்மானமும் வேண்டும். பெயர் மாறினாலும் பதிவிலக்கம் மாறாது. கடிதத் தலைப்பு, விலைப்பட்டியல், பற்றுச்சீட்டு எல்லாவற்றிலும் பெயரோடு அந்த இலக்கத்தையும் போட வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. பலர் போடுவதில்லை. கடன் கொடுத்தவர் வழக்குப் போடும்போது எந்தக் கம்பனி மீது போடுவது என்று திண்டாடுவது அதனால்தான். பொருள் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் விபரம் அந்த இலக்கம்.

பெயரை உண்மையில் காப்பது வியாபாரக் குறி: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. பொருளும் சேவையுமாக 45 வகுப்பு. நகை 14ஆம் வகுப்பு, தேயிலை 30ஆம் வகுப்பு, சாப்பாட்டுக்கடை 43ஆம் வகுப்பு. நகைக்குப் பதிந்தவர் அதே சொல்லில் இடியப்பம் விற்பவரை எளிதில் தடுக்க முடியாது. வெறும் ஊர்ப்பெயரோ குடும்பப்பெயரோ சாதாரணமாகப் பதிவுக்கு ஏற்கப்படாது, ஏனென்றால் அவை எல்லோருக்கும் தேவை. தேடும்போது தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் வரக்கூடிய ஒவ்வொரு எழுத்துக்கூட்டலிலும் ஒருமுறை தேடுங்கள். ஒலி ஒத்திருந்தாலே மறுப்பு வரலாம். இணையப் பெயர் முந்தியவருக்கு. ‘.இலங்கை’ என்ற முடிவு 2010 முதல் இருக்கிறது, நம்மவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

கடைசியாக முகவரி. ஸ்டேஷன் ரோட் என்று பம்பலப்பிட்டியில் ஒன்று, வெள்ளவத்தையில் ஒன்று, தெஹிவளையில் ஒன்று. கொழும்பு 4, கொழும்பு 6 என்பதை எழுதாமல் விட்டால் நீதிமன்ற அழைப்பாணை தவறான வீட்டுக்குப் போகும். வெள்ளவத்தைக்கு 00600 என்ற அஞ்சல் குறியீட்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது. பழைய உறுதிகளில் புல்லர்ஸ் வீதி என்று இருப்பது இன்றைய பௌத்தாலோக மாவத்தை, கிரீன் பாத் என்பது ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. புதிய உறுதி எழுதும்போது ‘முன்னர்’, ‘தற்போது’ என்று இரண்டு பெயரையும் போடுங்கள். வீட்டிலக்கமும் மாறியிருந்தால், மாநகர சபையின் வரிமதிப்புப் பதிவேட்டுப் பிரதியில் பழைய இலக்கத்தையும் புதிய இலக்கத்தையும் பார்த்து, நில அளவைப் படத்தின் இலக்கம், துண்டு இலக்கம், நாலு எல்லை, பேர்ச்சஸ் அளவு ஆகியவற்றோடு உறுதியின் அட்டவணையில் ஏற்றிவிட வேண்டும்.