போர்டுக்கு அடிக்கிற ஸ்பிரேயை விரலில் அடிக்காதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்துவிட்டார். காட்பாடி பக்கம் மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கும் தம்பி. விரலில் இருந்த மருவுக்குக் கடையில் இருந்த ஃப்ரீஸ் ஸ்பிரேயை அடித்திருக்கிறார். நகத்தடி வரை ரத்தம் கட்டிய கொப்புளம். நடுவில் மரு அப்படியே இருக்கிறது.

“நீங்களும் இதைத்தானே டாக்டர் அடிக்கிறீங்க?” என்று கேட்கிறார்.

இல்லை. அந்த ஸ்பிரே நல்ல கருவிதான், மொபைலுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுக்கு. சூடேறியதும் செட் நின்றுபோனால், சந்தேகப்படும் ஐசி (சிப்) மேல் மட்டும் அடிப்பார்கள். குளிர்ந்ததும் மறுபடி ஓடினால் கோளாறு அங்கேதான். அதற்கு மைனஸ் 50 டிகிரி தாராளம். மருவை உறைய வைக்க நாங்கள் எடுப்பது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்.

உடனே, “அப்போ ஸ்பிரேயில் குளிர் கம்மி, ஆபத்தில்லையே” என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மருவின் மேல்தோல் தடிப்பு, குளிரை உள்ளே விடாது. அதனால்தான் முதலில் சீவிவிட்டு, மரு மேல் மட்டும் சில விநாடி வைத்து எடுக்கிறோம். தேவைப்பட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி. ஸ்பிரே திரவமோ பக்கத்து நல்ல தோலில் வழிந்து அதைத்தான் உறைய வைக்கும். விரலின் இரு பக்கமும் நரம்பு ஓடுகிறது, அதுவும் மரத்துப்போகும். தோலுக்கு நிறம் தரும் செல்களுக்கு மைனஸ் 5 டிகிரியே அதிகம். நம் நிறத்துக்கு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். வெள்ளையாகவும் இருக்கிறது, உணர்ச்சியும் இல்லை என்றதும் குஷ்டமோ என்று பயந்து கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். பாவம், தேவையில்லாத கலக்கம்.

சர்க்கரை உள்ளவர்கள் கால் ஆணி என்று நினைத்துப் பாதத்தில் அடிக்கவே கூடாது. கறுப்பு மச்சத்திலும் வேண்டாம். அது புற்றுநோயாக இருந்தால் சோதிக்க வேண்டிய இடத்தையே கெடுத்துவிடுவீர்கள். சில கேன்களில் இருக்கும் வாயு தீப்பிடிக்கும், சால்டரிங் அயர்ன் பக்கத்தில் கவனம்.

தவறிப் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். தேய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். பற்பசை, காபித்தூள் எதுவும் வேண்டாம்.

மரு அவசர நோய் இல்லை. குழந்தைகளில் பலருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். உறுத்தினால் வாருங்கள். செலவுக்கு யோசித்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள்.